அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வு: எதை மாற்றலாம், யாரால் முடியும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரைமரி தேர்தல்கள் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலவாரியாக நடக்கும் வாக்கெடுப்புகள்) தொடங்கும்போதெல்லாம் "இந்த முறையே சரியில்லை" என்ற பேச்சும் கூடவே தொடங்கிவிடும். யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. நூறு ஆண்டுக்கு மேலாக வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவற்றில் எவை நடந்தன, மற்றவை எங்கே போய் முட்டி நின்றன என்பதை இந்தப் பக்கத்தில் தொகுத்திருக்கிறோம்.

வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது பற்றி அமெரிக்க அரசியல் சாசனம் என்ன சொல்கிறது?

ஒன்றுமே சொல்லவில்லை. அரசியல் கட்சி என்ற சொல்லே அதில் கிடையாது. தொடக்கத்தில் காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்தின் உறுப்பினர்கள் கட்சிவாரியாகக் கூடி வேட்பாளரை முடிவு செய்தார்கள். அந்த ஏற்பாடு 1824ல் குலைந்தது. 1831ல் மேசன்-எதிர்ப்புக் கட்சி பால்டிமோரில் தேசிய மாநாடு கூட்டியது, அடுத்த ஆண்டே ஜனநாயகக் கட்சியும் அதே வழிக்கு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை வேட்பாளரை அறிவிப்பது கட்சி மாநாடுதான். மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளை யார், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது மட்டும்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இப்போதைய பிரைமரி முறை எப்போது வந்தது?

1968க்குப் பிறகு. அந்த ஆண்டு ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாமல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆனார். பிரதிநிதிகளில் பெரும்பகுதி மாநிலக் கட்சித் தலைவர்களின் கையில் இருந்ததால் அது முடிந்தது. சிகாகோ மாநாட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் வெடித்த கலவரத்துக்குப் பிறகு மெக்கவர்ன்-ஃப்ரேசர் குழு அமைக்கப்பட்டு, பிரதிநிதித் தேர்வு வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று விதி போட்டது. அந்த விதிக்கு இணங்க மாநிலங்களுக்குச் சுலபமான வழி பிரைமரி நடத்துவதுதான். மாநிலச் சட்டத்தின்படி அது நடந்ததால் குடியரசுக் கட்சியும் அதற்குள் இழுத்துக்கொள்ளப்பட்டது.

நாடு முழுக்கப் பிரைமரி நடத்த வேண்டும் என்று அந்தக் குழு திட்டமிடவே இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மாற்றப் போய் இன்னொன்று மாறுவது இந்தத் துறையில் சகஜம்.

நான் போடும் வாக்கு எப்படிப் பிரதிநிதியாக மாறுகிறது?

ஜனநாயகக் கட்சியில் எல்லா மாநிலத்துக்கும் ஒரே கணக்கு. மாநில அளவில் ஒரு பங்கு பிரதிநிதிகள், ஒவ்வொரு காங்கிரஸ் தொகுதிக்கும் ஒரு பங்கு. எந்த மட்டத்திலும் 15 சதவீதத்தைத் தொடாதவருக்கு அங்கே பிரதிநிதி கிடையாது. தொட்டவர்கள் மட்டும் தங்கள் வாக்கு விகிதப்படி பிரித்துக்கொள்வார்கள்.

ஆறு பிரதிநிதிகள் உள்ள ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். அ 40, ஆ 30, இ 16, ஈ 14 சதவீதம். ஈ வெளியே போகிறார். மீதி 86. அதில் அ-வின் பங்கு 40ஐ 86ஆல் வகுத்து ஆறால் பெருக்கினால் 2.79. இதேபோல ஆ 2.09, இ 1.12. முழு எண்களாக 2, 2, 1 கொடுத்தபின் மிஞ்சும் ஓர் இடம், பெரிய மிச்சம் வைத்திருக்கும் அ-வுக்கு. முடிவு 3, 2, 1. ஈ-க்கு வாக்களித்த 14 சதவீதம் பேரின் வாக்கு காற்றோடு போயிற்று. ஒருவருமே 15ஐத் தொடாவிட்டால், முதலிடம் பெற்றவரின் சதவீதத்தில் பாதியே அந்த இடத்தின் குறைந்தபட்ச வரம்பு.

இதில் யாரும் பேசாத ஒரு கோணல் உண்டு. இரண்டே வேட்பாளர்கள், தொகுதிக்கு நான்கு பிரதிநிதிகள் என்றால் ஒருவர் 62 சதவீதம் வாங்கினாலும் 2–2தான். கணக்கு 2.48க்கு எதிராக 1.52 என்று வருவதால் மிச்ச இடம் தோற்றவருக்குப் போய்விடும். பக்கத்துத் தொகுதியில் மூன்று பிரதிநிதிகள் என்றால் 51–49 வித்தியாசமே 2–1 ஆகிவிடும். அனுபவமுள்ள பிரசாரக் குழுக்கள் ஒற்றைப்படைத் தொகுதிகளில் பணத்தையும் ஆட்களையும் கொட்டிவிட்டு நான்கு இடத் தொகுதிகளைத் தொடாமல் விடுவது இதனால்தான். ஒரு தொகுதிக்குள் இவ்வளவு கொஞ்சம் இடங்களைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் மாநில அளவில் பிரித்தால் இந்தக் கோணல் ஏறத்தாழ மறைந்துவிடும். கட்சி தன் விதியை மட்டும் திருத்தினால் போதும், எந்தச் சட்டமன்றத்தின் காலிலும் விழ வேண்டாம். ஆனால் சின்னத் தொகுதிகளுக்கும் அங்குள்ள சிறுபான்மைச் சமூகங்களுக்கும் கிடைக்கும் உறுதியான இடங்கள் கரைந்துவிடும் என்ற எதிர்ப்பு வரும். அந்த எதிர்ப்பிலும் நியாயம் இருக்கிறது.

குடியரசுக் கட்சியிலும் இதே கணக்குதானா?

இல்லை. அங்கே மாநிலக் கட்சிக்கு அதிக சுதந்திரம். பொது விதி: மார்ச் 15க்கு முன் நடத்தும் மாநிலங்கள் விகிதப்படி பிரிக்க வேண்டும், அதற்குப் பின் நடத்துபவை ஜெயித்தவருக்கே எல்லாவற்றையும் கொடுக்கலாம். முதல் சில மாநிலங்களுக்கு இந்த விகித விதியிலிருந்து விலக்கு உண்டு.

2016ல் தென் கரோலினாவின் 50 பிரதிநிதிகள் எப்படிப் பிரிந்தார்கள் என்று பார்த்தால் இதன் வீரியம் புரியும். 29 பேர் மாநில வெற்றியாளருக்கு, ஏழு தொகுதிகளில் தொகுதிக்கு மூன்று பேர் அந்தந்தத் தொகுதி வெற்றியாளருக்கு. டிரம்ப் 32.5 சதவீதம் வாங்கினார். ரூபியோ, க்ரூஸ் இருவரும் ஆளுக்கு 22 சொச்சம். பிரதிநிதிகள் கணக்கில் டிரம்புக்கு 50, மற்ற எல்லோருக்கும் பூஜ்யம். மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் வேறு யாரையோ கேட்டார்கள், ஆனால் அந்த 'வேறு யார்' என்பதில் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை.

விதியை முன்னணியில் இருப்பவருக்குத் தோதாக வளைப்பதும் நடக்கும். 2023 ஜூலையில் கலிபோர்னியா குடியரசுக் கட்சி, பாதிக்கு மேல் வாங்குபவருக்கு 169 பிரதிநிதிகளும் மொத்தமாக என்று மாற்றியது. அப்போது கருத்துக்கணிப்பில் யார் பாதிக்கு மேல் இருந்தார் என்பது ஊரறிந்த விஷயம்.

முறையை மாற்றும் அதிகாரம் உண்மையில் யாரிடம் இருக்கிறது?

மூன்று பேரிடம், மூன்று தனித்தனிச் சாவிகளாக. யாருடைய பிரதிநிதிகளை மாநாட்டில் அமர்த்துவது என்பது தேசியக் கட்சியின் கையில். பிரைமரி தேதி, வாக்குச்சீட்டு, செலவு எல்லாம் மாநிலச் சட்டமன்றத்தின் கையில். பிரைமரியா, கட்சியே நடத்தும் கூட்டமா, பிரதிநிதிகளை எப்படிப் பங்கிடுவது என்பதில் மாநிலக் கட்சிக்குப் பங்கு. 1981ல் விஸ்கான்சின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலச் சட்டம் எப்படி இருந்தாலும் தேசியக் கட்சி தன் விதிக்கு ஒத்துவராத பிரதிநிதிகளை ஏற்க வேண்டிய கட்டாயமில்லை என்று தீர்ப்பளித்தது. ஆனால் பிரைமரி தேதியை மாற்றச் சொல்லிச் சட்டமன்றத்துக்கு உத்தரவிட எந்தக் கட்சியாலும் முடியாது.

2024ல் ஜனநாயகக் கட்சி வரிசையை மாற்ற முயன்றபோது இந்த மூன்று சாவிகளும் எப்படி வேலை செய்தன என்று பாருங்கள். தென் கரோலினா பிப்ரவரி 3ல் முதலில், பிறகு நெவாடா, நியூ ஹாம்ப்ஷயர், ஜார்ஜியா, மிச்சிகன் என்பது திட்டம். தென் கரோலினாவில் தேதியைக் கட்சியே முடிவு செய்யலாம் என்பதால் சிக்கல் இல்லை. ஜார்ஜியாவில் தேதியைக் குறிப்பவர், தேர்தல்களை மேற்பார்க்கும் மாநிலச் செயலர். அவர் குடியரசுக் கட்சிக்காரர். இரண்டு கட்சிக்கும் ஒரே நாள்தான், அந்த நாள் எந்தக் கட்சியின் பிரதிநிதிகளையும் பறிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஜார்ஜியா அதோடு முடிந்தது.

நியூ ஹாம்ப்ஷயரில் மாநிலச் சட்டமே, இதுபோன்ற வேறெந்தத் தேர்தலுக்கும் குறைந்தது ஏழு நாள் முன்னால் எங்கள் பிரைமரி நடக்க வேண்டும் என்கிறது. மாநிலச் செயலர் ஜனவரி 23 என்று குறித்தார். கட்சி அதை ஏற்கவில்லை. பைடன் மனுவே தாக்கல் செய்யவில்லை. ஆதரவாளர்கள் அவர் பெயரைக் கையால் எழுதி வாக்களித்து ஜெயிக்கவைத்தார்கள். கடைசியில் சமரசம் பேசி, அந்த மாநிலப் பிரதிநிதிகளையும் மாநாட்டில் உட்காரவைத்தது கட்சி.

மிச்சிகன் கதை இன்னும் சுவையானது. பிப்ரவரி 27க்கு மாற்றும் சட்டம் நிறைவேறியது, ஆனால் அது உடனே அமலுக்கு வர மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அது கிடைக்கவில்லை. அப்படிக் கிடைக்காவிட்டால் கூட்டத்தொடர் முடிந்து 90 நாள் கழித்துத்தான் சட்டம் உயிர்பெறும். ஆகவே சட்டமன்றத்தை 2023 நவம்பர் 14ஆம் தேதியே முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மறுபக்கம், மிச்சிகன் குடியரசுக் கட்சிக்கு அது தர்மசங்கடம். தங்கள் தேசியக் கட்சி விதிப்படி மார்ச் 1க்கு முன் நடத்த நான்கு மாநிலங்களுக்கு மட்டுமே அனுமதி. அதனால் 55 பிரதிநிதிகளில் 16 பேரைப் பிரைமரி முடிவுப்படியும் 39 பேரை மார்ச் 2ல் கட்சிக் கூட்டம் கூட்டியும் பிரித்துக்கொண்டார்கள். பிரைமரியில் வாக்களித்த குடியரசுக் கட்சிக்காரர்களில் எத்தனை பேருக்கு, தங்கள் வாக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பிரதிநிதிகளைத்தான் தீர்மானிக்கிறது என்று தெரிந்திருக்கும்?

விதியை மீறி முன்னால் நடத்தும் மாநிலத்துக்கு என்ன தண்டனை?

ஜனநாயகக் கட்சியில் பாதிப் பிரதிநிதிகள் தானாகவே போவார்கள். கட்சிக் குழு விரும்பினால் முழுவதையும் பறிக்கலாம். அங்கே போய்ப் பிரசாரம் செய்யும் வேட்பாளருக்கும் தண்டனை உண்டு. குடியரசுக் கட்சியில் 2012க்குப் பிறகு கடுமையான விதி வந்தது. ஃபுளோரிடா போன்ற பெரிய மாநிலம் மீறினால், 2016 கணக்குப்படி, 99 பிரதிநிதிகள் 12 ஆகிவிடுவார்கள்.

2008ல் ஃபுளோரிடாவும் மிச்சிகனும் மீறின. ஜனநாயகக் கட்சி முதலில் எல்லாப் பிரதிநிதிகளையும் பறித்தது. மிச்சிகன் வாக்குச்சீட்டில் ஒபாமாவின் பெயரே இல்லை. மே 31ல் தலைக்கு அரை வாக்கு என்று பஞ்சாயத்து செய்தார்கள். தண்டனையின் பலவீனம் இதுதான்: நவம்பரில் ஜெயிக்க வேண்டிய மாநிலத்தை ஆகஸ்டில் எந்தக் கட்சியும் வெளியே நிற்கவைக்காது. மாநிலத் தலைவர்களுக்கும் அது தெரியும்.

அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும் மட்டும் ஏன் முதலில்?

வழக்கம், பிறகு சட்டம். நியூ ஹாம்ப்ஷயர் 1920 முதல் முதலிடத்தில் இருக்கிறது, 1970களில் அதைச் சட்டமாக்கிக்கொண்டது. அயோவா 1972ல் பிரைமரிக்குப் பதில் காக்கஸ் எனப்படும் கட்சிக் கூட்டம் நடத்தி முந்தியது. 1976ல் அங்கே 'யாருக்கும் உறுதியில்லை' என்பதற்கு அடுத்த இடத்தில் வந்த ஜிம்மி கார்ட்டர் செய்திகளில் வெற்றியாளர் ஆனார். சின்ன மாநிலத்தில் கையிருப்பு இல்லாத ஆளும் வீடுவீடாகப் போய்ப் பேர் வாங்கலாம் என்பதே ஆதரவாளர்களின் வாதம். மக்கள்தொகை அமைப்பில் இரண்டும் நாட்டைப் பிரதிபலிக்கவில்லை என்பது எதிர்வாதம். இரண்டுமே சரி.

அயோவாவின் நிஜப் பிரச்சினை எண்ணும் திறமை. 2012ல் குடியரசுக் கட்சி ராம்னி 8 வாக்கில் ஜெயித்ததாக அறிவித்தது, பிறகு சான்டோரம் 34 வாக்கு முன்னிலை என்று மாற்றியது, கடைசியில் மாநாட்டில் அயோவாவின் பெரும்பான்மைப் பிரதிநிதிகள் ரான் பாலுக்கு வாக்களித்தார்கள். 2020ல் ஜனநாயகக் கட்சியின் முடிவுகளை அனுப்பும் செயலி படுத்துக்கொண்டது, தொலைபேசி வழியில் எண்களைச் சொல்ல முயன்றவர்களுக்கு இணைப்பே கிடைக்கவில்லை. முதல் சுற்று ஆதரவு, இறுதிச் சுற்று ஆதரவு, மாநிலப் பிரதிநிதிக் கணக்கு என்று மூன்று எண்களை அந்த ஆண்டுதான் முதன்முறையாக வெளியிட்டார்கள். வெளியிட்டதும், ஒன்றோடொன்று பொருந்தாத கூட்டல் பிழைகள் வெளிச்சத்துக்கு வந்தன. வாக்கில் சாண்டர்ஸ் முன்னிலை, பிரதிநிதிக் கணக்கில் பூட்டஜெஜ் முன்னிலை.

நாடு முழுக்க ஒரே நாளில் பிரைமரி நடத்தினால் என்ன?

1913லேயே அதிபர் உட்ரோ வில்சன் காங்கிரஸிடம் கேட்ட விஷயம் இது. மக்களிடம் கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் விரும்புவார்கள். கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் 2016 குடியரசுக் கட்சி போல 17 பேர் நிற்கும் களத்தில் ஒரே நாளில் வாக்கெடுத்தால் 25 சதவீதத்தில் ஒருவர் ஜெயிக்கலாம். இரண்டாம் சுற்று வைத்தால் செலவும் காலமும் இரட்டிப்பு. தரவரிசை வாக்கு (வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் குறிப்பது) வைக்கலாம், அதற்கு 50 மாநிலத் தேர்தல் இயந்திரங்களும் ஒரே விதமாக எண்ண வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, முதல் நாளே கலிபோர்னியா, டெக்சஸ், ஃபுளோரிடா, நியூயார்க் என்று எல்லாத் தொலைக்காட்சிச் சந்தைகளிலும் விளம்பரம் வாங்க முடிந்தவர்தான் களத்தில் நிற்க முடியும். ஏற்கெனவே பேர் தெரிந்தவருக்கும் கோடீஸ்வரருக்கும் இதைவிட வசதியான முறை கிடையாது. தேர்தல் நடுவே வேட்பாளரைப் பற்றிப் புதிதாக ஏதாவது தெரியவந்தால் திருத்திக்கொள்ளவும் வழியில்லை.

சுழற்சி முறை யோசனைகள் என்ன ஆயின?

மாநிலச் செயலர்களின் தேசிய சங்கம் 1999ல் ஒரு திட்டம் கொடுத்தது: கிழக்கு, தெற்கு, மத்திய மேற்கு, மேற்கு என நான்கு மண்டலம், மாதத்துக்கு ஒன்று, முதலில் வரும் மண்டலம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாறும். அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும் அப்போதும் முன்னால்தான். குறை: தெற்கு முதலில் வரும் ஆண்டில் தெற்கத்தி வேட்பாளருக்கு அதிர்ஷ்டம். அடுத்த சுற்றுக்கு அவர் 16 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

டெலவேர் திட்டம் மக்கள்தொகை குறைந்த மாநிலங்களை முதல் மாதத்திலும், பெரியவற்றைக் கடைசியிலும் வைத்தது. குடியரசுக் கட்சி இதை 2000ல் ஏறத்தாழ ஏற்றுக்கொண்டது. பிலடெல்பியா மாநாட்டு விதிக் குழுவில் தோற்றது. புஷ் தரப்புக்கு மாநாட்டில் விதிச் சண்டை வேண்டாம் என்பதே காரணம். விதியை மாற்றுவது மாநாடு, மாநாட்டை ஆள்வது அப்போதைய வேட்பாளர், அவருக்கோ தன்னை ஜெயிக்கவைத்த முறையில் குறை தெரியாது. இந்த வட்டத்தில்தான் நிறைய யோசனைகள் செத்திருக்கின்றன.

கலிபோர்னியா திட்டம் கணக்குப் பிரியர்களுக்கானது. இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று, மொத்தம் பத்து. முதல் சுற்றில் மொத்தம் எட்டு காங்கிரஸ் தொகுதிகள் வரும்படி மாநிலங்களைக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள், இரண்டாவதில் 16, மூன்றாவதில் 24 என ஏறும். 52 தொகுதி உள்ள கலிபோர்னியா, 56 கொள்ளும் ஏழாவது சுற்று வரை உள்ளே வர முடியாது. அந்தப் புகாருக்காகப் பிறகு வரிசையை 8, 16, 24, 56, 32 என்று கலைத்துப்போட்டார்கள். எந்த மாநிலமும் எந்த ஆண்டும் முன்னால் வரலாம் என்பது அழகு. எந்த வாரம் தேர்தல் என்று தெரியாமல் மாவட்ட அலுவலகங்கள் வாக்குச்சாவடி, பள்ளிக் கட்டடம், ஊழியர் ஏற்பாடுகளை எப்படிச் செய்யும் என்பது அதன் கஷ்டம். எங்கள் கருத்தில், காகிதத்தில் உள்ளவற்றில் இதுவே சிறந்தது, நடைமுறைக்கு வர வாய்ப்பு குறைந்ததும் இதுவே.

காக்கஸ் முறையை ஒழித்துவிடலாமா?

பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. காக்கஸ் என்பது குறித்த மாலையில் கூட்டமாகக் கூடி, சில மணி நேரம் இருந்து ஆதரவைக் காட்டுவது. இரவு வேலைக்காரர், கைக்குழந்தை வைத்திருப்பவர், வெளியூரில் இருக்கும் ராணுவ வீரர் எல்லோரும் வெளியே. 2016ல் வாஷிங்டன் மாநிலம் இதை ஒரு சோதனைக்கூடம் போலக் காட்டியது. மார்ச் மாத ஜனநாயகக் கட்சிக் காக்கஸில் சுமார் 2.3 லட்சம் பேர், சாண்டர்ஸுக்கு 73 சதவீதம். மே மாதம் அதே மாநிலத்தில் பிரதிநிதிகளைத் தீர்மானிக்காத பிரைமரியில் சுமார் 8 லட்சம் பேர், ஜெயித்தவர் கிளின்டன். பிரதிநிதிகள் பிரிந்தது காக்கஸ் முடிவுப்படி. 2020க்குள் வாஷிங்டன், கொலராடோ, மின்னசோட்டா, மெய்ன் எல்லாம் பிரைமரிக்கு மாறின.

மாறாத இடத்தில் கூத்து நடக்கும். 2024ல் நெவாடா அரசு பிப்ரவரி 6ல் பிரைமரி நடத்தியது, குடியரசுக் கட்சி 8ஆம் தேதி தன் காக்கஸை நடத்தி அதற்கே பிரதிநிதிகளைக் கொடுத்தது. பிரைமரியில் நின்ற நிக்கி ஹேலி 'இவர்களில் யாருமில்லை' என்ற கட்டத்திடம் தோற்றார்.

தரவரிசை வாக்கு உண்மையிலேயே உதவுமா?

உதவும். இருக்கும் யோசனைகளில் செலவு குறைவாக, பலன் அதிகமாகத் தருவது இதுதான் என்று நினைக்கிறோம்.

2020 மார்ச் 1ல் பூட்டஜெஜ் விலகினார், 2ல் க்ளோபச்சார், 3ல் பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் சூப்பர் செவ்வாய். தபாலிலும் முன்கூட்டியும் அவர்களுக்கு வாக்களித்தவர்களின் சீட்டுகள் அப்படியே வீணாயின. அதே ஆண்டு அலாஸ்கா, வயோமிங், கான்சஸ், ஹவாய் மாநில ஜனநாயகக் கட்சிகள் தரவரிசைச் சீட்டைப் பயன்படுத்தின. வழக்கமான தரவரிசை எண்ணிக்கையில் ஒருவர் பாதியைத் தாண்டும் வரை நீக்குவார்கள். இங்கே அப்படியில்லை: கடைசியில் இருப்பவரை நீக்கி அவர் வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவது, மிஞ்சியவர்கள் எல்லோரும் 15 சதவீதம் தாண்டியதும் நின்றுவிடும். பிறகு விகிதப்படி பிரதிநிதிகள்.

மேலே சொன்ன தொகுதியையே எடுங்கள். 14 சதவீதத்தோடு ஈ நீக்கப்படுகிறார். அவருக்கு வாக்களித்தவர்களில் 10 சதவீதப் புள்ளி இ-க்கும் 4 ஆ-வுக்கும் போகிறது என்றால் அ 40, ஆ 34, இ 26. ஆறு இடங்கள் 2, 2, 2 என்று பிரியும். முன்பு அ-வுக்கு 3 போயிருந்தது. யாருடைய வாக்கும் வீணாகவில்லை.

சிக்கல்கள்: மாநிலம் நடத்தும் பிரைமரி என்றால் சட்டம் மாற வேண்டும். ஃபுளோரிடா, டென்னசி போன்ற மாநிலங்கள் தரவரிசை வாக்கையே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டன. கட்சியே தன் செலவில் நடத்தினால் தடை இல்லை, ஆனால் சீட்டு அச்சடிப்பு, தபால், எண்ணிக்கை எல்லாம் கட்சியின் தலையில். தொகுதிவாரியாக எண்ண வேண்டியிருப்பதால் ஒவ்வொரு சீட்டும் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்ற தகவல் கடைசிவரை தொலையாமல் இருக்க வேண்டும். கட்சி நடத்தும் தேர்தல்களில் முதலில் சறுக்கக்கூடிய இடம் இதுவே.

சூப்பர் டெலிகேட்டுகள் இன்னும் இருக்கிறார்களா?

வாக்காளர்களின் முடிவுக்குக் கட்டுப்படாத இந்தப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள், பல் பிடுங்கப்பட்டு. எம்.பி.க்கள், ஆளுநர்கள், கட்சித் தேசியக் குழுவினர் என எழுநூறு பேருக்கு மேல். 1982ல் ஹன்ட் குழு பரிந்துரைத்து 1984ல் வந்தார்கள். 2018 ஆகஸ்டில் விதி மாறியது: போட்டி ஏற்கெனவே முடிவாகாத நிலையில் மாநாட்டின் முதல் சுற்று வாக்கெடுப்பில் அவர்களுக்கு வாக்கு கிடையாது. 2016ல் இந்த விதி இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளிலேயே கிளின்டனுக்கு 2,205, சாண்டர்ஸுக்கு 1,846.

இரண்டாம் சுற்று என்பதே 1952க்குப் பிறகு எந்தக் கட்சியிலும் நடக்கவில்லை.

கட்சியில் பதிவு செய்யாதவர்கள் வாக்களிக்கலாமா?

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கட்சி விரும்பினால் சுயேச்சை வாக்காளர்களை உள்ளே விடலாம் என்று 1986லும், எல்லோரும் எந்தக் கட்சிக்கும் வாக்களிக்கும் ஒட்டுமொத்தப் பிரைமரியைக் கட்சி மீது மாநிலம் திணிக்க முடியாது என்று 2000லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே எல்லா மாநிலத்திலும் எல்லோருக்கும் திறந்துவிடு என்பது கட்சிகள் சம்மதிக்காமல் நடக்காது. உடனே சரிசெய்யக்கூடியது கெடு. நியூயார்க்கில் 2016 ஏப்ரல் பிரைமரிக்குக் கட்சி மாற 2015 அக்டோபர் 9 கடைசி நாள். டிரம்பின் சொந்தப் பிள்ளைகள் இருவரே அதைத் தவறவிட்டு அப்பாவுக்கு வாக்களிக்க முடியாமல் போனது. 2019ல் அந்த மாநிலம் கெடுவைப் பிரைமரி நடக்கும் ஆண்டின் பிப்ரவரிக்குத் தள்ளியது.

வாக்குச்சீட்டில் பெயர் வருவதிலும் சிக்கல் உண்டா?

உண்டு. நியூ ஹாம்ப்ஷயரில் 1,000 டாலர் கட்டினால் முடிந்தது. வர்ஜீனியாவில் 2012ல் 10,000 கையெழுத்து, அதிலும் 11 காங்கிரஸ் தொகுதி ஒவ்வொன்றிலும் குறைந்தது 400. ராம்னியும் ரான் பாலும் மட்டுமே தேறினார்கள். கிங்ரிச், பெரி இருவரும் விழுந்தார்கள். பிறகு எண்ணிக்கையை 5,000 ஆகக் குறைத்தார்கள். தகுதியற்ற கையெழுத்துகள் கழியும் என்பதால் பிரசாரக் குழுக்கள் ஒன்றரை மடங்காவது சேர்ப்பார்கள்.

விவாத மேடைக்கான விதிகளை மாற்றலாமே?

கட்சிகள் ஏற்கெனவே மாற்றிக்கொண்டே இருக்கின்றன, ஒவ்வொன்றும் புது ஓட்டையோடு. நன்கொடையாளர் எண்ணிக்கையைத் தகுதியாக்கினால் வேட்பாளர்கள் எண்ணிக்கையைத்தான் வாங்குவார்கள். 2023 ஆகஸ்டில் மில்வாக்கி மேடைக்கு 40,000 நன்கொடையாளர் வேண்டும் என்று குடியரசுக் கட்சி சொன்னது. டக் பர்கம், ஒரு டாலர் கொடுத்தவர்களுக்கு 20 டாலர் பரிசு அட்டை கொடுத்து மேடை ஏறினார். முன்னணியில் இருந்த டிரம்ப் வரவே இல்லை, அதற்கு எந்த விதியிலும் மருந்து இல்லை.

அரசு நிதி?

சட்டத்தில் இன்னும் இருக்கிறது. 20 மாநிலங்களில் தலா 5,000 டாலருக்கு மேல், சிறு நன்கொடைகளாகத் திரட்டினால் ஒவ்வொரு நன்கொடையிலும் முதல் 250 டாலருக்கு ஈடான தொகையை அரசு தரும். பதிலுக்குச் செலவு வரம்பு. 2000ல் புஷ் பிரைமரியில் வேண்டாம் என்றார். இப்போது முன்னணி வேட்பாளர் யாரும் தொடுவதில்லை. வரம்பை உயர்த்தாமல், ஈடு விகிதத்தைக் கூட்டாமல் இதை உயிர்ப்பிக்க முடியாது.

பிரைமரி முடிந்தபின் வேட்பாளர் விலகினால்?

2024 ஜூலை 21ல் பைடன் விலகியபோது உலகமே இதைக் கேட்டது. ஜனநாயகக் கட்சிப் பிரதிநிதிகள் மனசாட்சிப்படி தங்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் விருப்பத்தைப் பிரதிபலிக்க வேண்டும் என்பதுதான் விதி, இரும்புச் சங்கிலி அல்ல. பைடனின் பிரதிநிதிகள் சுதந்திரமானார்கள். போட்டியிட 300 பிரதிநிதிகளின் கையெழுத்து வேண்டும், ஒரு மாநிலத்திலிருந்து 50க்கு மேல் கூடாது, ஜூலை 30 கெடு. கமலா ஹாரிஸ் மட்டும் தேறினார். ஆகஸ்ட் 19ல் சிகாகோ மாநாடு கூடுமுன் ஆகஸ்ட் 1 முதல் 5 வரை இணையவழி வாக்கெடுப்பு. இந்த இணையவழி ஏற்பாட்டின் வேர் ஓஹாயோவின் ஆகஸ்ட் 7 கெடு. அந்த மாநிலம் கெடுவைத் தளர்த்திச் சட்டம் போட்டும், அது அமலுக்கு வரும் நாள் கெடுவுக்குப் பிந்தியதாக இருந்ததால் கட்சி நம்பவில்லை.

இங்கே தேவையான சீர்திருத்தம் சின்னது: மாநாடுகளின் தேதியையும் மாநிலங்களின் கெடுவையும் ஒத்துப்போகவைப்பது, மாற்று வேட்பாளர்கள் பிரதிநிதிகளைச் சந்திக்கக் குறைந்தபட்ச நாட்களை விதியிலேயே எழுதிவைப்பது. ஒன்பது நாளில் முடிந்த அந்தப் போட்டியில் வேறு எவருக்கும் நேரமே இருக்கவில்லை.

மாநாட்டுக்குப் பிறகு இடம் காலியானால் கட்சித் தேசியக் குழு நிரப்பும். 1972ல் துணை அதிபர் வேட்பாளர் ஈகிள்டன் விலகியதும் ஷ்ரைவரை அப்படித்தான் நியமித்தார்கள்.

காங்கிரஸ் ஒரே சட்டத்தில் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாதா?

முயன்றிருக்கிறார்கள். 2007ல் செனட்டர்கள் க்ளோபச்சார், லீபர்மன், அலெக்சாண்டர் மூவரும் சுழற்சி மண்டல மசோதா கொண்டுவந்தார்கள், நகரவில்லை. சாசனப்படி காங்கிரஸ் தன் உறுப்பினர் தேர்தல் முறைகளில் நேரடியாகத் தலையிடலாம். அதிபர் தேர்தலில் அப்படி வெளிப்படையான அதிகாரம், அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவினரைத் தேர்வு செய்யும் நேரத்தைக் குறிப்பது பற்றித்தான். பிரைமரியைத் தொட்டால் கட்சிகளின் சங்க உரிமை (கூடிச் செயல்படும் உரிமை) வழக்கு உறுதி. நிதியைக் காட்டி இழுப்பது ஒரு வழி: இந்தத் தேதிக்குள் நடத்தும் மாநிலத்துக்குத் தேர்தல் செலவுக்கு மானியம் என்று.

அமெரிக்காவில் இருக்கும் நாம் இதில் என்ன செய்ய முடியும்?

குடியுரிமை உள்ளவர்கள் முதலில் தங்கள் மாநிலத்தில் கட்சிப் பதிவு தேவையா, கெடு எப்போது என்று மாநிலச் செயலர் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விதியை மாற்ற விரும்பினால் நேரம் முக்கியம். ஒவ்வொரு மாநில ஜனநாயகக் கட்சியும் தன் பிரதிநிதித் தேர்வுத் திட்டத்தைத் தேசியக் கட்சிக்கு அனுப்புமுன் 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும். தேர்தலுக்கு முந்தைய ஆண்டின் முதல் பாதியில் இதைக் கவனியுங்கள். அந்த 30 நாளில் வரும் கடிதங்கள் பொதுவாகக் கொஞ்சம்தான், படிப்பார்கள். தொகுதிப் பிரதிநிதிகளின் எண்ணிக்கை, தரவரிசைச் சீட்டு, தபால் வாக்கு இவற்றில் ஏதாவது ஒன்றைக் குறிப்பாகக் கேளுங்கள். குடியரசுக் கட்சியில் மாநிலக் குழு தன் விதியை முந்தைய ஆண்டு அக்டோபர் 1க்குள் தேசியக் கட்சியிடம் தாக்கல் செய்ய வேண்டும். கோடைக்காலக் குழுக் கூட்டங்களுக்கு முன்பே உங்கள் மாவட்டக் கட்சி நிர்வாகியிடம் பேசிவிடுங்கள்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் வாக்களிக்க முடியாது, நன்கொடை தரலாம். எச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் எந்தத் தேர்தலுக்கும், எந்த வேட்பாளருக்கும் ஒரு டாலர்கூடத் தரக்கூடாது. நண்பர் அட்டையில் போட்டுவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதும் குற்றமே. சம்பளமில்லாத் தொண்டராகத் தொலைபேசி அழைப்பு, துண்டறிக்கை வேலைகள் செய்யலாம். பிரசாரச் செலவு பற்றிய முடிவெடுக்கும் கூட்டங்களில் மட்டும் பங்கேற்கக் கூடாது.